கல்லூரியை முடிப்பதா, கலைத்துறைக்குப் போவதா: நான்கு வழிகளும் அவற்றின் விலையும்

செமஸ்டர் தேர்வு நெருங்கும்போதெல்லாம் ஒரே கேள்வி என்னிடம் வருகிறது. கேட்பவர் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படித்துக்கொண்டிருப்பார். நன்றாகப் பாடுவார், அல்லது நடிப்பார், அல்லது வீடியோ எடுத்துப் போட்டு ஓரளவு பார்வையாளர்களைச் சேர்த்திருப்பார். எங்கிருந்தோ ஓர் அழைப்பு வந்திருக்கும். "காலேஜை முடிச்சுட்டுப் போகட்டுமா, இல்ல இப்பவே கிளம்பட்டுமா?"

நானும் மூன்றாம் ஆண்டின் நடுவில் ஒரு நாடகக் குழுவோடு கிளம்பிப் போனவன்தான். நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து பட்டத்தை முடித்தேன். போனதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை. ஆனால் யாரிடமும் சொல்லாமல், எதையும் எழுதிக் கொடுக்காமல் போனேனே, அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது எப்படிப் போவது என்பதற்குக் கொடுத்திருந்தால், பின்னால் பட்ட பாட்டில் பெரும்பகுதி இருந்திருக்காது.

இதை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விஷயமாகவே எல்லோரும் பேசுகிறோம். பார்த்தால் வழிகள் நான்கு: பட்டத்தை முடித்துவிட்டுப் போவது, படிப்பை விட்டுவிட்டுப் போவது, முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டு போவது, படித்துக்கொண்டே செய்வது. இந்த நான்கையும் எடைபோட சில அளவுகோல்கள் வேண்டும். முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

வந்திருக்கும் அழைப்பு எவ்வளவு உறுதியானது? "வந்து பாரு, பேசலாம்", "உன்னை மனசுல வெச்சிருக்கோம்", "அடுத்த படத்துல கண்டிப்பா" என்பதெல்லாம் அன்பான வார்த்தைகள். அவற்றை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. வேலை என்றால் அது தாளில் இருக்கும். என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, சம்பளம் எவ்வளவு, எப்போது தருவார்கள், பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற ஐந்துக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். கல்லூரியைப் பாதியில் விட்டவர்களுக்கு உதாரணமாக ஹாலிவுட் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கை அடிக்கடி சொல்வார்கள். 1960-களின் இறுதியில் அவர் படிப்பை நிறுத்தியபோது யுனிவர்சல் ஸ்டூடியோவின் இயக்குநர் ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

உங்கள் துறை காத்திருக்குமா? எல்லாக் கலைகளுக்கும் ஒரே வயது கிடையாது. பாலே நடனக் குழுக்கள் பெரும்பாலும் 20 வயதுக்குள்ளேயே ஆட்களை எடுத்துவிடுகின்றன. தென் கொரியப் பாப் குழுக்களுக்குப் பதின்ம வயதிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. அங்கே நான்கு ஆண்டு காத்திருப்பது பெரிய இழப்பு. நடிப்பு அப்படியில்லை. ஆங்கில நடிகர் ஆலன் ரிக்மன் முதலில் வரைகலை படித்தார், வடிவமைப்பு நிறுவனம் ஒன்றை நண்பர்களோடு நடத்தினார், 26 வயதில்தான் லண்டனின் ராடா நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அவருடைய முதல் திரைப்படம் வெளியான 1988-இல் அவருக்கு வயது 42. எழுத்து, இயக்கம், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இசையமைப்பு ஆகியவற்றுக்கு வயது இன்னும் தாராளம். ஆனால் இளம் வயதில் எல்லாருக்குமே "இப்போ இல்லைன்னா எப்பவும் இல்லை" என்றுதான் தோன்றும். அந்த அவசரத்தில் எவ்வளவு துறையிலிருந்து வருகிறது, எவ்வளவு நம் மனதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

படிப்பில் மீதி எவ்வளவு? ஒரு செமஸ்டர் மீதி இருப்பவரும் ஆறு செமஸ்டர் மீதி இருப்பவரும் ஒரே கேள்வியைக் கேட்டாலும் அவர்களுக்குப் பதில் ஒன்றாக இருக்காது. அரியர் எத்தனை என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்குவீர்கள்? திறமை இருந்தாலும் வேலை நின்றுபோகும் துறை இது. 2020 மார்ச் 12-ஆம் தேதி நியூயார்க்கின் பிராட்வே அரங்குகள் மூடப்பட்டன. பெரிய நாடகங்கள் மீண்டும் மேடையேற ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆனது. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் 148 நாட்களும் நடிகர்களின் வேலைநிறுத்தம் 118 நாட்களும் நீடித்தன. நியாயமான போராட்டங்கள்தான். ஆனாலும் அந்த மாதங்களில் வாடகை நிற்கவில்லை. குறைந்தது ஆறு மாதச் செலவு கையில் இருக்கிறதா, அல்லது தாங்கிப் பிடிக்க வீடு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

திரும்பி வர முடியுமா? என் பார்வையில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான அளவுகோல். தவறாகப் போனாலும் திருத்திக்கொள்ள முடிகிற முடிவை வேகமாக எடுக்கலாம். திருத்த முடியாததை எடுக்கும்போதுதான் நிதானம் தேவை.

## வழி 1: பட்டத்தை முடித்துவிட்டுப் போவது

இதைப் பெற்றோருக்காகச் செய்யும் சமரசம் என்றே பலர் நினைக்கிறார்கள். கல்லூரி என்பது வகுப்பறை மட்டும் என்று எடுத்துக்கொண்டால் அப்படித்தான் தெரியும். இங்கிலாந்தின் குவீன் ராக் இசைக்குழுவைப் பாருங்கள். பிரையன் மே இயற்பியல் பட்டதாரி. ரோஜர் டெய்லர் பல் மருத்துவத்தில் தொடங்கி, உயிரியலுக்கு மாறிப் பட்டம் வாங்கினார். ஃப்ரெடி மெர்க்குரி வரைகலை படித்தவர், குழுவின் சின்னத்தை வரைந்ததே அவர்தான். ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தார். குப்பையில் கிடந்த ஒரு மின்சுற்றுப் பலகையை எடுத்துவந்து அவர் செய்த சிறிய ஆம்ப்ளிஃபையரைக் குழு தன் ஒலிப்பதிவுகளில் பயன்படுத்தியது. நால்வரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டதே மாணவர்களாக இருந்த காலத்தில், அந்த வட்டத்துக்குள்தான்.

இன்றும் அப்படித்தான். இலவச அரங்கு, இலவச கேமரா, ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் ரிஹர்சலுக்கு வரும் நண்பர்கள் எல்லாம் வாழ்க்கையில் இன்னொரு முறை ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. வெளியே போனால் ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் வாடகை. ஹாலிவுட் நடிகர் மேட் டேமன் ஹார்வர்டில் ஒரு நாடக எழுத்து வகுப்புக்காக எழுதத் தொடங்கியதுதான் பின்னாளில் அவருக்கும் பென் அஃப்ளெக்குக்கும் திரைக்கதைக்கான ஆஸ்கரை வாங்கிக் கொடுத்தது. அவர் பட்டத்தை முடிக்கவில்லை என்பது தெரிந்த கதை. ஆனால் கல்லூரியைப் பயன்படுத்திக்கொண்ட விதத்தில் அவரிடம் கற்க நிறைய இருக்கிறது.

புகழின் உச்சியில் இருந்தபோதே படிக்கப் போனவர்களும் உண்டு. ஹாலிவுட் நடிகைகளில் ஜோடி ஃபாஸ்டர் 1985-இல் யேல் பல்கலைக்கழகத்திலும், நடாலி போர்ட்மேன் 2003-இல் ஹார்வர்டிலும் பட்டம் பெற்றார்கள். இருவருக்கும் துறை காத்திருந்தது. ஒரு எச்சரிக்கையோடுதான் இதைச் சொல்கிறேன்: அவர்கள் சிறுவயதிலேயே பெயர் வாங்கியவர்கள். இன்னும் யாருக்கும் தெரியாத ஒருவருக்காகத் துறை காத்திருக்கும் என்பதற்கு அவர்களைச் சாட்சியாக வைக்க முடியாது. அப்படிப்பட்டவரை யாரும் மறக்கவும் போவதில்லை, ஏனென்றால் இன்னும் யாரும் அறிந்திருக்கவில்லை. இது கசப்பான ஆறுதல்தான், ஆனாலும் ஆறுதல்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று, கல்விக்கடன். கடனோடு வெளியே வருபவர் முதலில் மாதச் சம்பளத்தைத் தேடுவார். சம்பளம் வந்ததும் தவணை, தவணைக்காக வேலை என்று ஒரு சுழல் தொடங்கிவிடும். இரண்டாவது இன்னும் நுட்பமானது: "முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்" என்று கலையை முழுவதுமாக மூட்டை கட்டி வைத்துவிடுவது. நான்கு ஆண்டு பாடாத தொண்டை ஐந்தாம் ஆண்டு திடீரென்று பாடாது. இந்த வழியில் போகிறவர் கல்லூரியை விட்டு வெளியே வரும்போது காட்டுவதற்கு முடிந்த வேலைகள் சிலவாவது வைத்திருக்க வேண்டும். மூன்று குறும்படமோ ஐந்து பாடலோ, செய்த வேலைகளின் சிறந்த துண்டுகளைக் கோர்த்த ஒரு ஷோ ரீலோ எதுவாகவும் இருக்கலாம். பாதியில் நிற்கும் இருபதைவிட முடித்த மூன்றுக்குத்தான் மதிப்பு.

## வழி 2: படிப்பை விட்டுவிட்டுப் போவது

பிராட் பிட் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பு முடிய இரண்டே வாரம் இருக்கும்போது கிளம்பிப் போனார் என்பதைக் கேட்டால் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அதே போலக் கிளம்பிப்போய் எதுவும் நடக்காமல் திரும்பியவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. நம் காதுக்கு வரும் கதைகள் எல்லாம் ஜெயித்தவர்களுடையவை. இந்தத் துறையில் நான் சந்தித்தவர்களில் மிகத் திறமையான இரண்டு பேரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீர்கள். ஒருவர் இப்போது குரல் பயிற்சி கொடுக்கிறார். இன்னொருவர் துறையைவிட்டே போய்விட்டார்.

அதற்காக இந்த வழியே தவறு என்று சொல்ல மாட்டேன். இதன் விலைச்சீட்டை முழுவதும் படித்துவிட்டுப் போங்கள் என்கிறேன்.

முதலில் கல்லூரிப் பக்கத்துச் செலவுகள். மாணவர் என்ற தகுதி போன அன்றே அதோடு சேர்ந்து பலவும் போகும். கல்விக்கடனைத் திருப்பிக் கட்டும் காலம் தொடங்கலாம். ஸ்காலர்ஷிப் நிற்கும், சில இடங்களில் வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். விடுதி போகும். வெளிநாட்டில் படிப்பவராக இருந்தால் விசாவே போகும், அங்கே தங்கி ஆடிஷனுக்குப் போகும் பேச்சுக்கே இடமிருக்காது. மாணவர் என்பதால் கிடைத்த மருத்துவக் காப்பீடும் நிற்கலாம்.

அடுத்து, துறைப் பக்கத்துச் செலவுகள். புகைப்படம், பயிற்சி வகுப்பு, போக்குவரத்து, உடை, வாய்ப்பு வரும் நகரத்தில் வாடகை எல்லாம் முதல் சம்பளத்துக்கு முன்பே வந்துவிடும். சம்பளம் வந்த பிறகும் முழுவதும் உங்களுக்கு வராது. ஹாலிவுட் வழக்கப்படி ஏஜென்டுக்கு 10 சதவீதம், மேனேஜர் இருந்தால் அவருக்கு மேலும் 10 முதல் 15 சதவீதம் போகும். வரி தனி. இசைத்துறையில் ரெக்கார்டிங் நிறுவனம் தரும் அட்வான்ஸைப் பலரும் பரிசு மாதிரி நினைத்துச் செலவு செய்துவிடுகிறார்கள். அது உங்கள் ராயல்டியிலிருந்து, அதாவது பாட்டு ஓடும் அளவுக்கு ஏற்ப உங்களுக்கு வரும் பங்கிலிருந்து, கழித்துக்கொள்ளப்படும் முன்பணம். அது கழியும்வரை பாட்டு எவ்வளவு ஓடினாலும் ராயல்டி கைக்கு வராது.

ஒப்பந்தத்தின் நீளத்தையும் பார்க்க வேண்டும். தென் கொரியாவில் பத்தாண்டுகளைத் தாண்டிய ஒப்பந்தங்கள் கூட இருந்தன. 2009-இல் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் ஏழு ஆண்டு வரம்பு வைத்து ஒரு மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஏழு ஆண்டே ஓர் இளைஞருக்கு எவ்வளவு நீளம் என்று யோசியுங்கள். வேறு யாரிடமும் வேலை செய்யக் கூடாது என்ற விதி இருக்கிறதா, நீட்டிக்கும் உரிமை யாருக்கு, உங்கள் பெயரிலும் முகத்திலும் யாருக்கு உரிமை என்பதையெல்லாம் ஒரு வழக்கறிஞர் படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அதுவே போதுமான பதில். பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம் என்று உங்களிடமிருந்தே முன்பணம் கேட்கும் ஏஜென்சிக்கும் அதே பதில்தான். நேர்மையான ஏஜென்ட் நீங்கள் சம்பாதித்த பிறகுதான் தன் பங்கை எடுத்துக்கொள்வார்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அதை எந்த ஒப்பந்தத்திலும் பார்க்க முடியாது. நான் போன நாடகக் குழுவில் மூன்றாவது மாதத்திலிருந்து சம்பளம் நின்றது. "அடுத்த ஊர்ல வசூல் வரட்டும்" என்றார்கள். ஏழு மாதம் வெறும் சாப்பாட்டுக்கு வேலை செய்தேன். கிளம்பிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். ஆனால் கிளம்பி எங்கே போவது? கல்லூரியில் என் பெயரை அதற்குள் நீக்கியிருந்தார்கள். நான் விடுப்புக் கடிதம் கூடக் கொடுக்கவில்லை. எனக்குப் போக வேறு இடமில்லை என்பது குழுவை நடத்தியவருக்கும் தெரியும். அது தெரிந்த நாளிலிருந்து அவர் பேசிய விதமே மாறியது.

போக வேறு இடமில்லாதவரால் "முடியாது" என்று சொல்ல முடியாது. சம்பளம் தராததற்கு மட்டுமில்லை. தனியாக வந்து சந்திக்கச் சொல்வது, எல்லை மீறிப் பேசுவது, பாதுகாப்பில்லாத சண்டைக்காட்சியில் குதிக்கச் சொல்வது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: இந்தத் துறையில் உங்கள் கையில் இருக்க வேண்டிய மிகப்பெரிய சொத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றே கிளம்ப முடிவது. படிப்பை விடுவதானால் அந்தச் சொத்தை வேறு எங்கிருந்தாவது சேர்த்துக்கொண்டு போங்கள். சேமிப்பாகவோ, உறவாகவோ, வேறொரு தொழிலாகவோ அது இருக்கட்டும்.

இந்த வழி பொருந்தும் இடங்களும் உண்டு. உங்களுடையது வயதோடு ஓடும் கலை, கையில் தேதியும் தொகையும் எழுதிய நீண்ட ஒப்பந்தம், கல்லூரி விடுப்புத் தர மறுக்கிறது என்றால் போகத்தான் வேண்டும். அதேபோல, யாரோ எடுத்துக் கொடுத்த பாடப்பிரிவில் நாளுக்கு நாள் மனம் நொந்து, அதற்காகக் கடனும் ஏறிக்கொண்டிருந்தால், கலைவாய்ப்பு வராவிட்டாலும் அந்தப் படிப்பைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியதுதான். ஆனால் அது வேறு கேள்வி. படிப்பு பிடிக்காததால் கலைக்கு ஓடுவதையும் கலை பிடித்துப் போவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓடி வந்தவருக்கு இங்கேயும் பிடிக்காத நாட்கள் வரும்.

## வழி 3: விடுப்பு எடுத்துக்கொண்டு போவது

இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. உலகில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டரோ ஓர் ஆண்டோ படிப்பை நிறுத்திவைக்கும் விதி ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள். சில இடங்களில் கேட்டாலும் முதலில் "அப்படியெல்லாம் கிடையாது" என்பார்கள். விதிப்புத்தகத்தை எடுத்துப் படியுங்கள், துறைத்தலைவரைத் தாண்டிப் பதிவாளர் அலுவலகம் வரை போங்கள்.

வீசர் ராக் குழுவின் பாடகர் ரிவர்ஸ் குவோமோ 1995-இல் ஹார்வர்டில் சேர்ந்தார். இசைக்காக நிறுத்துவார், திரும்ப வருவார், மறுபடி நிறுத்துவார். 2006-இல் பட்டம் வாங்கினார். நடிகை எம்மா வாட்சன் நான்கு ஆண்டுப் படிப்பை ஐந்து ஆண்டில், 2014-இல் முடித்தார். பிரையன் மே 1970-களில் முனைவர் பட்ட ஆய்வைக் கிட்டாருக்காக நிறுத்திவைத்தவர், 2007-இல் விண்வெளித் தூசு பற்றிய அதே ஆய்வை அதே இம்பீரியல் கல்லூரியில் முடித்தார். ஸ்பீல்பெர்க்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2002-இல் தன் பட்டத்தை முடித்துக்கொண்டார். பெயர் பெற்றவர்களுக்குக் கதவு எளிதாகத் திறக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் கதவைச் சாத்தாமல் போக வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை. அதிகபட்சம் எவ்வளவு காலம்? அந்தக் காலத்தில் கட்டணம் உண்டா? ஸ்காலர்ஷிப் காத்திருக்குமா? கடன் கொடுத்த வங்கி விடுப்பை எப்படி எடுத்துக்கொள்ளும்? பாடத்திட்டம் மாறினால் ஏற்கெனவே எழுதிய தாள்கள் செல்லுமா? மொத்தப் படிப்புக்கும் இத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற உச்சவரம்பு உண்டா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன அலுவலர் நீங்கள் திரும்பும்போது அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

இன்னொன்று, நடந்துகொண்டிருக்கும் செமஸ்டரை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். நடுவில் போனால் கட்டிய கட்டணமும் எழுதிய உள்மதிப்பீடும் வீண். ஆறு வாரம் பொறுக்க முடியாத வாய்ப்பு என்றால், அந்த ஆறு வாரத்தில் என்ன நடக்கப் போகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். பல நேரம் பதில், "ஒண்ணும் இல்லை, லொகேஷன் பார்த்துட்டு இருக்கோம்" என்பதாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு. திரும்பி வரும்போது கூடப் படித்தவர்கள் இருக்க மாட்டார்கள். நான் திரும்பியபோது வகுப்பில் எல்லாரும் என்னை "அண்ணா" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் முதல் மாதம் மதிய இடைவேளையில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பாடத்திட்டம் மாறியிருந்தது, இரண்டு தாள்களை மறுபடி எழுத வேண்டியிருந்தது. கணக்குப் போடும் பழக்கம் கையைவிட்டுப் போயிருந்தது. விடுப்பு முடியும் நேரம் பார்த்து நல்ல வாய்ப்பு வந்து நிற்பதும் அடிக்கடி நடக்கும். அப்போது மறுபடியும் இதே முடிவை எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த முறை கையில் ஓராண்டு அனுபவம் இருக்கும், ஊகத்தில் எடுக்க வேண்டியதில்லை.

## வழி 4: படித்துக்கொண்டே செய்வது

கேட்க நன்றாக இருக்கும், எல்லாருக்கும் பொருந்தாது. வேலை நேரம் உங்கள் கையில் இருந்தால் பொருந்தும். எழுத்து, படத்தொகுப்பு, வீட்டிலேயே செய்யும் இசைத் தயாரிப்பு, பின்னணிக் குரல், வார இறுதி நகைச்சுவை மேடை, சொந்த வீடியோ சானல் எல்லாம் அப்படிப்பட்டவை. தினசரி ஷூட்டிங், ஊர் ஊராகச் சுற்றும் நிகழ்ச்சி என்றால் அட்டென்டன்ஸ் போய்விடும், கால்ஷீட்டையும் காப்பாற்ற முடியாது, இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்குவீர்கள். தொலைதூரக் கல்விக்கு மாறுவது இங்கே நல்ல தீர்வு. பாடப்பிரிவைத் தொடர்பியலுக்கோ இசைக்கோ மாற்றிக்கொள்வதும் சிலருக்கு உதவும்.

இதன் விலை தூக்கம். முதல் செமஸ்டர் உற்சாகத்தில் ஓடிவிடும், இரண்டாவதில் உடம்பு கணக்கைக் கேட்கும். எதை முதலில் விட்டுக்கொடுப்பேன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். இல்லாவிட்டால் களைத்துப்போன ஒரு ராத்திரியில் அந்த முடிவு தானாக எடுக்கப்படும்.

## ஒரே பார்வையில்

| | முடித்துவிட்டு | விட்டுவிட்டு | விடுப்பில் | படித்துக்கொண்டே |
|---|---|---|---|---|
| அழைப்பு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் | அழைப்பே இல்லாவிட்டாலும் சரி | எழுத்தில், நீண்ட காலத்துக்கு | எழுத்தில், தேதியோடு | சிறு வாய்ப்புகளே போதும் |
| பொருந்தும் கலை | எழுத்து, இயக்கம், நடிப்பு, தொழில்நுட்பம் | பாலே, பாப் குழு போல இளவயதில் தொடங்குபவை | ஒரு படம், ஒரு தொடர், ஒரு சுற்றுப்பயணம் | நேரம் உங்கள் கையில் இருப்பவை |
| கையிருப்புத் தேவை | குறைவு | மிக அதிகம் | விடுப்புக் காலச் செலவு | குறைவு |
| மறைந்த செலவு | கடன், கலை துருப்பிடிப்பது | மாணவர் தகுதி, "முடியாது" சொல்லும் பலம் | நண்பர்கள், மாறும் பாடத்திட்டம் | தூக்கம், உடல்நலம் |
| திரும்பும் வாய்ப்பு | தேவையே இல்லை | கடினம், இடத்துக்கு இடம் மாறும் | விதிக்குள் உறுதி | படிப்பிலேயே இருக்கிறீர்கள் |

## அப்படியானால் யார் எதைச் செய்யலாம்

கடைசி ஆண்டில் இருப்பவருக்கு என் பதில் நேரானது: முடியுங்கள். கொஞ்ச மீதியை விட்டுப் போய், பின்னால் அதை முடிக்க நான்கு மடங்கு பாடுபட்டவன் சொல்கிறேன். மேலே சொன்ன பாலே போன்ற அரிதான நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு.

முதல் இரண்டு ஆண்டுகளில் இருந்து, தேதி போட்ட ஒப்பந்தம் கையில் இருந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். தயங்க வேண்டாம். உங்களைத் தேடி வந்த வேலையை, நேர்மையான ஆட்களோடு, திரும்பும் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் செய்யப் போவதில் ஆபத்து குறைவு, கற்பதோ அதிகம்.

ஆசை மட்டும் இருக்கிறது, அழைப்பு எதுவும் இல்லை என்பவர்களே என்னிடம் கேட்பவர்களில் அதிகம். அவர்கள் கல்லூரியை விடக் கூடாது. சோம்பலாக முடிக்கவும் கூடாது. அடுத்த செமஸ்டருக்குள் ஒரு வேலையைத் தொடங்கி முடித்து, முன்பின் தெரியாத ஐம்பது பேருக்குக் காட்டுங்கள். கல்லூரியில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியவில்லை என்றால் வெளியே போனால் செய்வேன் என்று நினைப்பதற்குக் காரணம் என்ன என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நேரம்தான் தடை என்றால் வழி 4. பயம்தான் தடை என்றால் அது கூடவே வரும்.

ஆயிரக்கணக்கில் பார்வையாளர்கள் வந்துவிட்ட சானலை நம்பிக் கிளம்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுங்கள். கடந்த பன்னிரண்டு மாத வருமானத்தை எழுதி, அதில் மிகக் குறைந்த மாதம் உங்கள் செலவுக்குப் போதுமா என்று பாருங்கள். உச்ச மாதத்தை வைத்து வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள். தளத்தின் விதி ஒரு நாள் மாறினால் வருமானமும் அன்றே மாறும்.

## வீட்டில் பேசும்போது

அம்மா அப்பாவிடம் கனவைப் பற்றி மட்டும் பேசினால் அவர்கள் பயத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒப்பந்த நகல், ஆறு மாதச் செலவுக் கணக்கு, விடுப்பு விதி இருக்கும் பக்கம் ஆகிய மூன்று தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். பேச்சின் தொனியே மாறும்.

நான் கிளம்பிய அன்று அம்மா திட்டவில்லை. "எப்ப திரும்பி வருவே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் கேட்க வருகிறவர்களிடம் முதலில் ஒரு தேதியை எழுதச் சொல்கிறேன். அந்தத் தேதிக்குள் எத்தனை நாள் வேலை கிடைத்தது, எவ்வளவு பணம் கைக்கு வந்தது, அடுத்த வேலை எழுத்தில் இருக்கிறதா என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் விடுப்பு முடியும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பாக அந்தத் தேதியை வையுங்கள். மறுபடி சேர விண்ணப்பிக்கவோ விடுப்பை நீட்டிக்கவோ அந்த இரண்டு மாதம் தேவைப்படும்.